எல்லாம் ஆட்டிசம்தானா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆட்டிசத்தோடு சேர்ந்து வருகிற தொல்லைகள் பற்றி. பலர் "பெயர் போடாதீர்கள்" என்று கேட்டிருந்தார்கள். போட்டாலும் பரவாயில்லை என்றவர்களின் பெயரையும் எடுத்துவிட்டேன். பந்தியில் பாதிப் பேருக்கு மட்டும் இலை போட்டால் நன்றாக இருக்காது.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பேச்சு இல்லை. பத்து நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். டாக்டரிடம் போனால், "ஆட்டிசம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். அப்படித்தானா?
— ஓர் அம்மா, நாமக்கல்

பதில்: ஆட்டிசம் அவனுக்கு 11 வருடமாக இருக்கிறது. அறைவது பத்து நாளாக. கணக்கு உதைக்கிறதே அம்மா!

எந்தக் கன்னம் என்று பாருங்கள். ஒரே பக்கம் என்றால் முதலில் பல் டாக்டர், அடுத்து காது மூக்கு தொண்டை டாக்டர். சொத்தைக் கடைவாய்ப் பல்லோ சீழ் பிடித்த காதோ நமக்கு வந்தால் ஊரையே கூட்டியிருப்போம். அவனுக்குச் சொல்ல இருக்கிற வழி அந்தக் கை ஒன்றுதான். பல்லும் காதும் சரியாக இருந்தால் வயிற்றுக்கு வாருங்கள். மலச்சிக்கலும் வயிற்று உபாதைகளும் ஆட்டிசப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிட அதிகம். வேன் டிரைவர் மாறினாரா, டீச்சர் மாறினாரா, யாராவது அடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

ஒரு பெயர் ஒட்டிவிட்டால் மற்றது எதுவும் கண்ணில் படாமல் போவது படித்தவர்களுக்கும் நடப்பதுதான். 1982-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸும் அவரது சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். கடுமையான பயத்தால் அவதிப்படும் ஒருவரின் விவரத்தை உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும், அவருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உண்டு என்று சேர்த்துச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதும் அந்தப் பயத்தை ஒரு நோயாகப் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். இத்தனைக்கும் பயம் அதே பயம்தான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மொபைலில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பாடு, தூக்கம், மலம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். உள்ளே நுழைந்ததும் "ஆட்டிசம்" என்று ஆரம்பிக்காமல், "போன மாசம் இப்படி இல்லை டாக்டர்" என்று ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஆட்டிசம் ஒரு மனநோயா?
— ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: இல்லை. அது மூளை வளர்ந்த விதம். பிறவியிலேயே இருப்பது. மனநோய் அதன்மேல் தனியாக வரலாம், எல்லாருக்கும் வருகிற மாதிரி, ஆனால் இன்னும் அடிக்கடி. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் ஒரு வரி, மனநோய் வேறு வரி. உலகத்துக்கு இது புரியத் தாமதமானது என்பதும் உண்மை. 1943-ல் மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்த பிறகும், அமெரிக்க மனநலக் கையேடு அதைக் குழந்தைப் பருவ மனச்சிதைவிலிருந்து பிரித்து எழுத 1980 ஆயிற்று.

கேள்வி: கூடவே வரும் பிரச்சினைகள் எத்தனை சதவீதம் பேருக்கு? புள்ளிவிவரம் வேண்டும்.
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: பிடியுங்கள். 2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரையின்படி: கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி 28, பதற்ற நோய்கள் 20, தூக்கக் கோளாறு 13, மனச்சோர்வு 11, ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் ஓசிடி 9. ஒருவருக்கே இரண்டு மூன்று இருக்கும் என்பதால், கூட்டிப் பார்த்து 81 என்று செமினாரில் வாசித்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் வராத வலிப்பு நோயும் உண்டு. அது சின்ன வயதில் ஒருமுறை, பருவ வயதில் ஒருமுறை என இரண்டு கட்டங்களில் அதிகம் தலைகாட்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஒரு வேடிக்கை. 2013 வரை அதே அமெரிக்கக் கையேட்டின்படி ஒரு குழந்தைக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. 2013-ல் எழுதலாம் என்றார்கள். புத்தகம்தான் மாறியது. பிள்ளைகள் முன்பும் அப்படித்தான் இருந்தார்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலே பேரன் கத்திப் புரள்கிறான். எங்கள் காலத்தில் பிடிவாதத்துக்கு முதுகில் இரண்டு வைத்தால் அடங்கும்.
— ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: பிடிவாதம் பிடிக்கிற குழந்தை நடுநடுவே ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். உங்கள் பேரன் ஓரக்கண்ணால் பார்க்கிறானா? மேளம், வீடியோக்காரர் விளக்கு, சென்ட், சாம்பார் வாசனை, கன்னத்தைக் கிள்ளும் முப்பது சித்திகள். இவை அத்தனையும் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுகின்றன. அது தாங்காமல்தான் கத்துகிறான். அடித்தால், தாங்க முடியாதவற்றின் பட்டியலில் நீங்களும் சேருவீர்கள்.

முதல் நாள் மாலை காலி மண்டபத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். காதை மூடும் ஹெட்போன் ஒன்று, பின்பக்க அறை ஒன்று, முதல் பந்தியில் சாப்பாடு, உடனே வீடு. பின்பக்க அறையில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நீங்களே உட்காருங்கள் ஐயா. மொய் எழுதுமிடத்திலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

கேள்வி: ஐ.டி. வேலை, 29 வயதுப் பெண். பத்து வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை. போன வருடம்தான் ஆட்டிசம் என்று கண்டுபிடித்தார்கள். யாரிடம் சொன்னாலும் "பார்த்தா தெரியலையே" என்கிறார்கள். ஆபீஸில் சிரித்துவிட்டு வந்து வீட்டில் இருட்டில் கிடக்கிறேன். இப்போது சமைக்கக்கூட முடியவில்லை.
— சென்னை

பதில்: தெரியாமல் இருக்க நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் உழைக்கிறீர்கள். அந்த உழைப்புக்குத்தான் சம்பளமில்லை. எப்போது கண்ணைப் பார்ப்பது, எத்தனை நொடி பார்ப்பது, எந்த ஜோக்குக்குச் சிரிப்பது என்று கணக்குப் போட்டே வாழ்வதை ஆராய்ச்சியாளர்கள் இப்போது அளக்கவே செய்கிறார்கள். 2019-ல் இதற்கென்று ஒரு கேள்வித்தாள் வந்திருக்கிறது. இப்படி மறைத்து வாழ்வது கூடக்கூடப் பதற்றமும் சோர்வும் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களிடம் இது அதிகம் என்பதும் உங்களுக்குக் கண்டறியத் தாமதமானதற்கு ஒரு காரணம். கேனரின் முதல் 11 பேரில் பெண்கள் 3 பேர்தான். அதன் பிறகு வெகுகாலம் ஆட்டிசம் என்றாலே ஒரு பையனின் படம்தான் எல்லார் மனதிலும்.

சமைக்க முடியாமல் போனது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேற்றுவரை செய்த சாதாரண வேலைகள் கைவிட்டுப் போவது, சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடக் கூசுவது, பேச்சே வராமல் போவது. இதை ஆட்டிசம் உள்ளவர்கள் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். 2020-ல் டோரா ரேமேக்கர் குழு அவர்களிடமே கேட்டு இதை விவரித்தது. மனச்சோர்வோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்கிற "வெளியே போங்க, நாலு பேரைப் பாருங்க" என்ற யோசனை இங்கே எரிகிற இடத்திலேயே சூடு வைக்கும். பிடித்த விஷயத்தில் ஆசையே போய்விட்டதா, ஆசை இருந்தும் தெம்பு இல்லையா? இந்தக் கேள்வியோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஆட்டிசம் தெரிந்த பிறகு பழைய சிகிச்சையை முதலிலிருந்து மறுபரிசீலனை செய்யச் சொல்வது உங்கள் உரிமை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, கேமரா அணைத்த மீட்டிங், பேச்சுக்குப் பதில் மின்னஞ்சல் ஆகியவற்றையும் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? 2014-ல் இங்கிலாந்தில் சாரா காசிடி குழு, வளர்ந்த பிறகு ஆஸ்பெர்ஜர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு அப்போதிருந்த பெயர்) என்று கண்டறியப்பட்டவர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பேருக்கு அப்படித் தோன்றியிருந்தது. தோன்றினால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி-மனஸ் எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம். போனில் பேசுவது கடினம் என்றால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி அதைப் பார்த்துப் படியுங்கள். வீட்டில் நம்பகமான ஒருவரைப் பேசச் சொல்லலாம். மாத்திரைகளை அவரிடமே கொடுத்து வைக்கவும் செய்யலாம்.

கேள்வி: மனநல மருத்துவர் என் மகனிடம் "குரல் கேட்குதா?" என்றார். "கேட்குது" என்றான். மனச்சிதைவு மாத்திரை எழுதிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை.
— ஓர் அப்பா, மதுரை

பதில்: அவர் கேட்டார், அவர் குரல் அவனுக்குக் கேட்டது, உண்மையைச் சொன்னான். இந்தச் சம்பவம் பல நாடுகளிலும் நடந்திருக்கிறது. "அறையில் யாருமே இல்லாதபோது, போனோ டிவியோ ஓடாதபோது, யாராவது பேசுற மாதிரி கேட்டிருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிஜமாகவே மனச்சிதைவு வருவதும் உண்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆட்டிசம் பார்த்துப் பழகிய இன்னொரு மனநல மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேளுங்கள்.

கேள்வி கேட்கிற கலையைப் பற்றி இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாது. "மனசு எப்படி இருக்கு?" என்றால் "தெரியலை" என்பார்கள். கேட்டவர்கள் அதை "நல்லாத்தான் இருக்கான்" என்று குறித்துக்கொள்வார்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான், மதியம் எத்தனை இட்லி குறைந்தது, தினமும் பார்க்கிற ரயில் வீடியோவை எப்போது நிறுத்தினான் என்று கேட்டால் பதில் வரும். ரயில் வீடியோவை நிறுத்திவிட்டான் என்றால் நான் கவலைப்படுவேன். இங்கிலாந்தின் 2012 வழிகாட்டு நெறிகள் உளவியல் சிகிச்சையையும் இப்படி மாற்றச் சொல்கின்றன: உவமை வேண்டாம், எழுதிக் காட்டு, நடுவில் இடைவேளை விடு, அவருக்குப் பிடித்த விஷயத்தை உள்ளே கொண்டு வா.

கேள்வி: ரிஸ்பெரிடோன் கொடுத்தால் ஆட்டிசம் குணமாகுமா?
— சேலம்

பதில்: ஆகாது. எடை ஏறும். அமெரிக்காவில் 2006-ல் அதற்கும் 2009-ல் அரிபிபிரசோலுக்கும் அனுமதி கிடைத்தது, ஆட்டிசத்தோடு வருகிற கடும் எரிச்சல், தாக்குதல், தன்னைத்தானே காயப்படுத்துதல் ஆகியவற்றுக்கு மட்டும். சிலருக்கு அது பெரிய உதவி. பசி, எடை, சர்க்கரையைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். பல்வலியால் கத்துகிற பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், கத்தாமல் பல்வலியோடு இருப்பான்.

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை எடுத்தால் என்னுடைய தனித்தன்மை போய்விடாதா?
— வடிவமைப்பாளர், புதுச்சேரி

பதில்: டெம்பிள் கிராண்டினைக் கேட்போம். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியர், கால்நடைகளைக் கையாளும் கூடங்களை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். பருவ வயதில் தொடங்கிய பீதி அவரை விடாமல் துரத்தியது. பெரியம்மா பண்ணையில் மாடுகளை ஊசிக்காக இறுக்கிப் பிடிக்கும் சட்டத்துக்குள் போனதும் அவை அமைதியாவதைக் கண்டு, தனக்கும் அப்படி ஒரு சட்டம் செய்து உள்ளே படுத்துக்கொண்டார். பெரியம்மாவோ சின்னம்மாவோ, ஆங்கிலத்தில் அதெல்லாம் ஒரே ஆன்ட்டி. வளர்ந்த பிறகும் பீதி தொடர, 1980-களின் தொடக்கத்தில் குறைந்த அளவில் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கத் தொடங்கினார். பீதி அடங்கியது. அதற்குப் பிறகுதான் புத்தகங்கள் எழுதினார், உலகம் சுற்றினார், இன்னும் ஆட்டிசத்தோடுதான் இருக்கிறார். ஒன்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இது உங்கள் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம்.

கேள்வி: 15 வயது மகள். சிறுவயதிலிருந்தே இட்லி, தயிர்சாதம், இடியாப்பம் மட்டும்தான். மூன்று மாதமாக அதையும் தொடுவதில்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. டயட் இருக்கிறாளோ?
— ஓர் அம்மா, திருநெல்வேலி

பதில்: அதைப் பிறகு பேசலாம். இந்த வாரமே எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இனி காரணம். ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடப்பவர்கள் உண்டு. எடையைப் பற்றிய நினைப்பே இல்லாமல், வாசனை, வழவழப்பு, இட்லி மாவு பிராண்ட் மாறியது, பசியே தெரியாதது என்று நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் ஆட்டிசத்தில் நடக்கும். ஸ்வீடனின் கிறிஸ்டோஃபர் கில்பர்க் 1983-லேயே பசியின்மை நோய்க்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். அதே நாட்டின் பருவநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க், 11 வயதில் தான் மனச்சோர்வில் விழுந்து, சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்தி, இரண்டே மாதத்தில் 10 கிலோ இழந்ததை மேடையிலேயே சொன்னார். ஆஸ்பெர்ஜர், ஓசிடி என்ற பெயர்களெல்லாம் அதற்குப் பிறகே வந்தன. உங்கள் மகளிடம் "ஏன் சாப்பிடலை?" என்று கேட்காதீர்கள். "எது மாறிப்போச்சு?" என்று கேளுங்கள்.

கேள்வி: அக்கா மகனுக்கு 19 வயது. போன வருடம்வரை ஓடியாடினான். இப்போது குளியலறை வாசலில் அரை மணி நேரம் அப்படியே நிற்கிறான். சோம்பேறித்தனம் முற்றிவிட்டதா?
— ஒரு மாமா, ஈரோடு

பதில்: சோம்பேறி நிற்க மாட்டான், படுத்துக்கொள்வான். பாதியில் உறைந்து நிற்பது, யாராவது தொட்டால்தான் நகர்வது, பேச்சு குறைவது எல்லாம் கேட்டடோனியா என்கிற நிலையாக இருக்கலாம். லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000-ல் எழுதிய ஆய்வில், அவர்களிடம் வந்த 15 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசம் உள்ளவர்களில் 17 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. மருந்து உண்டு. தாமதிக்காமல் மனநல மருத்துவர். சாப்பாடு, தண்ணீர் நின்றாலோ காய்ச்சல் வந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

கேள்வி: தடுப்பூசியால்தானே ஆட்டிசம்?
— வேலூர்

பதில்: இல்லை. 12 குழந்தைகளை வைத்து 1998-ல் அப்படி ஒரு கட்டுரை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையும் போயிற்று, டாக்டர் உரிமமும் போயிற்று. இரண்டும் 2010-ல். வாட்ஸ்அப்புக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

கேள்வி: ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். காட்டை விற்கலாம் என்றிருக்கிறோம்.
— தர்மபுரி

பதில்: விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கத்தக்கதல்ல, இதை விளம்பரப்படுத்துவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. அடுத்து ஒருவர் ரத்தத்திலிருந்து உலோகம் பிரிக்கும் கீலேஷன் என்று வருவார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005-ல் அந்தச் சிகிச்சையின்போது 5 வயதுப் பையன் இறந்தான். காடு இருந்தால் பையன் அதில் நடக்கவாவது செய்வான்.

கேள்வி: மகன் இரவு இரண்டு மணிக்கு முன் தூங்குவதில்லை. நானும்தான். "நீ கைக்குழந்தையில் கொஞ்சாமல் விட்டதால்தான் இப்படி" என்கிறார் நாத்தனார்.
— திருவள்ளூர்

பதில்: உங்கள் நாத்தனாருக்கு முன்பே அதைச் சொன்னவர், குழந்தை மனநல நிபுணராகப் புகழ்பெற்ற புரூனோ பெட்டல்ஹைம். அம்மாக்களின் அன்பின்மைதான் காரணம் என்று 1967-ல் தடிமனான புத்தகமே போட்டார். அவர் வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கியது அழகியலில்! அவருக்கு மூன்று வருடம் முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் இது உடல் சார்ந்த விஷயம் என்று புத்தகம் எழுதி அந்தக் கதையை உடைக்கத் தொடங்கியிருந்தார். ரிம்லண்ட் உளவியலாளர் மட்டுமல்ல, ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. நாத்தனார் அறுபது வருடம் பின்தங்கி இருக்கிறார், அவ்வளவுதான்.

தூக்கத்துக்கு வருவோம். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை, மங்கிய விளக்கு, கடைசி ஒரு மணி நேரம் மொபைல் இல்லை. இவை போதாவிட்டால் தூக்க ஹார்மோனான மெலடோனின் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். குறட்டை, அரிப்பு, வயிற்றுவலி, வலிப்பு எதுவும் தூக்கத்தைக் கெடுக்கவில்லையே என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு? அடுத்த முறை மகனுக்கு டோக்கன் போடும்போது உங்கள் பெயருக்கும் ஒன்று போடுங்கள். தொடர்ந்து தூங்காத அம்மாவுக்கு மனச்சோர்வு வருவது அதிசயமில்லை, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவு கணவர் பார்த்துக்கொள்ளட்டும். மகனின் செலவுக்கு, மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை கிடைக்கும். வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடக்கம். நாத்தனாருக்கு எந்தத் திட்டமும் இல்லை.

கேள்வி: 13 வயது மகன் ஊரில் ஓடுகிற எல்லா பஸ் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறான். ஓசிடியா?
— ஓர் அப்பா, திருச்சி

பதில்: எழுதும்போது முகம் எப்படி இருக்கிறது? ஓசிடி உள்ளவருக்கு அந்தச் செயலே தண்டனை. பிடிக்காது, விடவும் முடியாது, எழுதாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயம் பிடித்து ஆட்டும். ஆட்டிசத்தில் வருகிற ஈடுபாடு பெரும்பாலும் சந்தோஷம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும் என்பதால் கேட்டுப் பாருங்கள்: "இன்னிக்கு எழுதலைன்னா என்னப்பா ஆகும்?" பதிலில் பயம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். "நாளைக்கு எழுதுவேன்" என்றால் இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அப்படியே, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதினால் எனக்கும் உபயோகம்.